வயதான குதிரைக்கு என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம்?

இருபது வயதைத் தாண்டிய குதிரை மெலிய ஆரம்பித்தால் பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வயசாயிடுச்சு, இனி அப்படித்தான் இருக்கும்." விலா எலும்பு தெரிகிறது, முதுகுச் சதை வற்றுகிறது, லத்தி ஒரு நாள் இளகியும் ஒரு நாள் இறுகியும் வருகிறது. எல்லாவற்றுக்கும் வயதைக் காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வயது ஒரு நோயல்ல. மெலிவுக்குப் பின்னால் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடிய காரணம் இருக்கிறது. தேய்ந்த பல்லாக இருக்கலாம், குடற்புழுவாக இருக்கலாம், ஹார்மோன் கோளாறு, மூட்டுவலி, இளம் குதிரைகளிடம் தீவனத்தைப் பறிகொடுப்பது, இப்படி ஏதாவது ஒன்று. இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாததைக்கூடத் தீவனத்தின் வடிவத்தை மாற்றிச் சமாளிக்கலாம்.

வயதான குதிரையைப் புதிதாகப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: புல், உலர்புல் போன்ற நார்த் தீவனத்தைக் குறைக்கக் கூடாது, மெல்ல முடிகிற வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

எத்தனை வயதில் குதிரை முதுமைக்குள் நுழைகிறது? 15 வயதிலிருந்தே மூத்த குதிரையாகக் கணக்கில் எடுத்துக் கவனிக்கத் தொடங்குவது நல்லது. 20-க்கு மேல் முதுமை என்று தயங்காமல் சொல்லலாம். நன்றாகப் பராமரித்தால் 25, 30 வரை வாழ்கிற குதிரைகள் நிறைய உண்டு. இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளை இழுத்த ஓல்டு பில்லி என்ற குதிரை 1760-ல் பிறந்து 1822 வரை, 62 வயது வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. அது விதிவிலக்கு. ஆனால் 20 வயதுக் குதிரைக்கு இன்னும் பத்து வருடம் இருக்கலாம் என்பது விதிவிலக்கு அல்ல.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

உடல் அளவோடு ஒப்பிட்டால் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது. 500 கிலோ குதிரைக்கு 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். செரிமானப் பாதையின் மொத்தக் கொள்ளளவில் இது பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். மேய்ச்சலில் விட்டால் குதிரை ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். அதற்கு ஏற்றபடிதான் இந்தச் சின்ன இரைப்பை அமைந்திருக்கிறது. இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கிறது, தீவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த அமிலத்தைத் தணிக்கிற உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு நின்றால் இரைப்பைப் புண் வருவது இதனால்தான். அப்புறம் இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயில் இருக்கும் தசை வளையம் அவ்வளவு இறுக்கமானது. தப்பாக உள்ளே போனது எதுவாக இருந்தாலும் பின்வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும்.

இரைப்பைக்கு அடுத்தது சிறுகுடல், நீளம் ஏறக்குறைய 20 மீட்டர். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவை இங்கே செரிக்கின்றன. தீவனம் இந்தப் பாதையைச் சில மணி நேரத்தில் கடந்துவிடும். அதன் பிறகுதான் குதிரையின் உண்மையான உணவுக்கூடம் வருகிறது: குருட்டுக்குடலும் பெருங்குடலும். குருட்டுக்குடல் மட்டுமே 30 லிட்டர் அளவு, பெருங்குடல் அதைவிடப் பல மடங்கு. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து, எந்தப் பாலூட்டியாலும் தானாகச் செரிக்க முடியாத நாரை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. குதிரைக்குத் தேவையான ஆற்றலில் பெரும் பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. பல பி வைட்டமின்களும் இங்கேயே உண்டாகின்றன.

ஆக, குதிரைக்குத் தீவனம் போடுவது என்றால் அந்த நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே போடுகிறோம். அவற்றுக்கு வேண்டியது நார், அதுவும் தினமும் ஒரே மாதிரி. திடீரென்று தானியம் கொட்டினாலோ தீவனம் அடியோடு மாறினாலோ அவற்றில் ஒரு பகுதி செத்து, உள்ளே அமிலம் ஏறி, வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரலாம். இது எல்லா வயதுக் குதிரைக்கும் பொருந்தும். இளம் குதிரை தாங்கிக்கொள்ளும் சின்னத் தடுமாற்றத்தை 25 வயதுக் குதிரையால் தாங்க முடியாமல் போகலாம் என்பதுதான் வித்தியாசம்.

வயதானால் செரிமானமே பலவீனமாகிவிடுமா? 1980-களில் செய்த ஆய்வுகள் அப்படித்தான் சொல்லின. முதிய குதிரைகளுக்குப் புரதம், நார், பாஸ்பரஸ் எல்லாம் குறைவாகவே செரிக்கின்றன என்று அவற்றில் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில், பல்லும் உடலும் நன்றாக இருந்த முதிய குதிரைகளுக்கும் நடுவயதுக் குதிரைகளுக்கும் அப்படிப் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் குடற்புழு மருந்துகளும் பல் பராமரிப்பும் முன்னேறியதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். வாழ்நாள் முழுக்கப் புழுக்கள் குடலைச் சேதப்படுத்தியதன் விளைவை அந்தக் காலத்தில் முதுமை என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிற செய்தி.

முதலில் வாயைப் பாருங்கள்

குதிரையின் கடைவாய்ப் பல் நம் பல்லைப் போன்றது அல்ல. ஈறுக்கு அடியில் தாடைக்குள் நீளமாகப் புதைந்திருக்கும் பல், வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மேலே வந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத் தேய்கிற அளவும் கிட்டத்தட்ட அதுதான். திருகைக் கல்லைப் போல மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பக்கவாட்டில் உராய்ந்து அரைக்கும்போது, மேற்பரப்பில் இருக்கும் மேடு பள்ளங்கள்தான் நாரை நறுக்குகின்றன. ஆனால் தாடைக்குள் இருக்கும் இருப்புக்கு ஓர் எல்லை உண்டு. இருபதுகளின் நடுவில் பல் வழவழப்பாகத் தேய ஆரம்பிக்கும். முப்பதை நெருங்கும்போது சில பற்கள் வேர் மட்டும் மிஞ்சி ஆடிக்கொண்டிருக்கும், அல்லது விழுந்தே போயிருக்கும்.

இடையில் வேறு சிக்கல்களும் சேரும். ஒரு பல் விழுந்தால் அதற்கு எதிரே இருக்கும் பல் உராய ஆள் இல்லாமல் நீண்டு வளரும். பல் வரிசை அலை அலையாக ஏறி இறங்கும். பற்களுக்கு இடையே விழும் சந்தில் புல் சிக்கி அழுகி ஈறு புண்ணாகும். முன்வாயின் வெட்டுப்பற்களில் வேர் கரைந்து சுற்றிலும் வீங்குகிற ஒரு நோயும் முதிய குதிரைகளுக்கு வரும், வலி மிகுந்தது. இவ்வளவையும் சுமந்துகொண்டு குதிரை சத்தம் காட்டாமல் தின்றுகொண்டே இருக்கும். வலியை மறைப்பது வேட்டையாடப்படும் விலங்கின் இயல்பு. "நல்லாத்தான் சாப்பிடுது" என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. குதிரை உலர்புல்லை மெல்லும், மெல்லும், கடைசியில் விழுங்க முடியாமல் ஈரமான உருண்டையாகக் கீழே துப்பிவிடும். தீவனத் தொட்டியைச் சுற்றிப் புல் உருண்டைகள் கிடந்தால் அந்தக் குதிரையால் உலர்புல்லை அரைக்க முடியவில்லை என்றே அர்த்தம். வாயிலிருந்து துர்நாற்றம், தலையைச் சாய்த்து ஒரே பக்கமாக மெல்லுவது, தின்ன நீண்ட நேரம் எடுத்துக்கொள்வது, லத்தியில் நீளமான புல் இழைகளும் முழுத் தானியமும் தெரிவது ஆகியவையும் பல்லைத்தான் காட்டும்.

மூத்த குதிரைக்கு வருடம் இரண்டு முறையாவது கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து, விளக்கு வைத்து, கடைசிப் பல் வரை பார்க்க வேண்டும். கூர்மையான ஓரங்களை அரம் போட்டு மழுக்கலாம், ஆடுகிற பல்லை எடுக்கலாம். ஒரே தடவையில் எல்லாவற்றையும் சமப்படுத்த முயல்வது மட்டும் வேண்டாம். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச அரைக்கும் பரப்பும் அதில் போய்விடும்.

உலர்புல்லை மெல்ல முடியாதபோது

ஒரு நாளைக்கு எவ்வளவு நார்த் தீவனம்? உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், ஈரம் போக உலர் எடையில். 500 கிலோ குதிரைக்கு 7.5 முதல் 10 கிலோ. பல் போனாலும் இந்தக் கணக்கு மாறாது.

பல் ஓரளவு இருந்தால் முதல் மாற்றமாக மென்மையான புல்லைத் தேடுங்கள். பூத்து முற்றிய பிறகு அறுத்த புல் தண்டும் தடியுமாக இருக்கும், செரிமானமும் குறைவு. இளம் பருவத்தில் அறுத்து உலர்த்திய, இலை நிறைந்த, கையில் பிடித்தால் குத்தாத புல்லை முதிய குதிரையால் சமாளிக்க முடியும். இளசான பச்சைப் புல் இன்னும் எளிது. உலர்புல்லைத் துப்புகிற குதிரை மேய்ச்சலில் நன்றாகவே தின்பதைப் பார்க்கலாம். நறுக்கிய உலர்புல்லும் உதவும், ஆனால் அதையும் மென்றாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

அதுவும் முடியாவிட்டால் உலர்புல்லைப் பொடித்து அழுத்திச் செய்த கட்டிகளும் பெல்லட் எனும் சிறு வில்லைகளும் இருக்கின்றன. அதே புல்தான், ஏற்கெனவே அரைத்து வந்திருக்கிறது, அவ்வளவே. ஏறத்தாழ ஒரு கிலோ உலர்புல்லுக்கு ஒரு கிலோ என்று மாற்றிக்கொள்ளலாம். ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பெல்லட் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி, விரலால் அழுத்தினால் உள்ளே கடினமான பகுதியே இல்லாமல் கூழாகும் வரை விட்டுவையுங்கள். வெந்நீரில் சீக்கிரம் ஊறும், பச்சைத் தண்ணீரில் நேரம் பிடிக்கும், பெரிய கட்டிகளுக்கு இன்னும் அதிகம். வெயில் காலத்தில் ஊறியது சீக்கிரம் புளித்துவிடும். அதனால் அந்தந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் ஊறவைத்து, மிஞ்சியதை அப்புறப்படுத்தித் தொட்டியைக் கழுவுங்கள்.

குதிரை மசால் என்று நாம் சொல்லும் லூசர்ன் என்ற தீவனப் பயிர் இதில் ஒரு நல்ல துணை. புரதமும் கால்சியமும் அதிகம், அமிலத்தைத் தணிக்கும், குதிரைகள் விரும்பித் தின்னும். புல் பெல்லட்டோடு கலந்து கொடுத்தால் சதை வற்றிய குதிரைக்கு நன்றாகத் தெம்பு கூடும். சர்க்கரை ஆலையில் பீட் கிழங்கைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையும் அருமையான தீவனம். சர்க்கரை எடுத்தபின் எஞ்சுவது எளிதில் நொதிக்கிற நார்தான். தானியத்தின் அளவை நெருங்கும் ஆற்றலைத் தானியத்தின் ஆபத்து இல்லாமலே கொடுக்கும். வெல்லப்பாகு சேர்க்காத சக்கையாகப் பார்த்து வாங்கி, நன்றாக ஊறவைத்துக் கொடுங்கள். அதில் கால்சியம் அதிகம், பாஸ்பரஸ் குறைவு, வைட்டமின்கள் சொற்பம். எனவே அதை மட்டுமே வைத்து ஒரு குதிரையை வளர்க்க முடியாது.

மூத்த குதிரைகளுக்கென்றே விற்கும் முழுத் தீவனங்களும் உண்டு. நாரும் புரதமும் வைட்டமினும் தாதுவும் எல்லாம் சேர்த்திருப்பார்கள். பையில் "முழுத் தீவனம்" என்று இருக்கிறதா, அல்லது உலர்புல்லோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய துணைத் தீவனமா என்று படித்துப் பாருங்கள். முழுத் தீவனமாகவே கொடுப்பதென்றால் 500 கிலோ குதிரைக்கு நாளுக்குப் பல கிலோ தேவைப்படும், சரியான அளவு பையிலேயே இருக்கும். காலையும் மாலையும் ஒரு குவளை போட்டுவிட்டு "மூத்த குதிரைத் தீவனம்தான் கொடுக்கிறேன், ஆனாலும் இளைக்கிறது" என்று வருந்துகிறவர்கள் பலர். குதிரைக்கு அங்கே வேறு ஒன்றும் இல்லை, பசிதான்.

எந்த வடிவமாக இருந்தாலும் ஒரு நாளின் அளவை நான்கு ஐந்து வேளையாகவாவது பிரியுங்கள். கூழ் சீக்கிரம் உள்ளே போய்விடும், மெல்லும் நேரம் குறையும், உமிழ்நீரும் குறையும். துப்பினாலும் பரவாயில்லை என்று கொஞ்சம் மென்மையான உலர்புல்லையும் பக்கத்தில் போட்டு வைக்கலாம். குதிரைக்கு மெல்லுவது ஒரு வேலை, ஒரு நிம்மதியும்கூட. ஆனால் தொண்டையில் அடைத்துக்கொண்ட வரலாறு உள்ள குதிரைக்கு இந்தச் சலுகை கூடாது.

தனியாக வைத்துக் கொடுங்கள். மந்தையில் வயதானது பின்னுக்குத் தள்ளப்படும். ஒரு மணி நேரம் நிதானமாகத் தின்ன வேண்டிய குதிரையை இளம் குதிரை ஐந்தே நிமிடத்தில் விரட்டிவிடும்.

தானியம், எண்ணெய், புரதம்

இளைத்த குதிரைக்குத் தானியத்தைக் கூட்டுவது பழைய பழக்கம். குறைந்த அளவில் தவறில்லை. ஒரு வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகாமல் இருப்பது பாதுகாப்பு. 500 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு அரைக் கிலோ மாவுச்சத்து. மக்காச்சோளத்தின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் மாவுச்சத்து, ஓட்ஸில் 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் மக்காச்சோளம் முக்கால் கிலோவுக்குள், ஓட்ஸ் ஒரு கிலோவை ஒட்டி. இதைத் தாண்டினால் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்கு வழிந்து, நுண்ணுயிர்களின் சமநிலையைக் கெடுக்கும். ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினில் கோளாறு உள்ள குதிரைக்குத் தானியமே வேண்டாம்.

எடை கூட எனக்குப் பிடித்த வழி எண்ணெய். ஒரு கிராம் கொழுப்பில் இருக்கும் ஆற்றல் மாவுச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, பித்தநீர் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கும், அதனால் சிறிது சிறிதாகப் பழக்கினால் எண்ணெயை நன்றாகச் செரித்துக்கொள்ளும். நாளுக்கு 50 மில்லியில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் 250 மில்லி வரை உயர்த்தலாம், கூழில் கலந்து. லத்தி எண்ணெய்ப் பசையாகவோ இளகியோ வந்தால் அளவைக் குறையுங்கள். எண்ணெய் கூடும்போது வைட்டமின் ஈ தேவையும் கூடும். பச்சைப் புல்லில் நிறைய இருக்கும் இந்த வைட்டமின் உலர்த்தும்போது பெரும்பாலும் அழிந்துபோகிறது. மேய்ச்சல் இல்லாத முதிய குதிரைக்கு இதைத் தனியாகக் கொடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

முதுகுச் சதை வற்றினால் ஆற்றல் மட்டும் போதாது, புரதமும் வேண்டும். அதிலும் லைசின் போன்ற அமினோ அமிலங்கள் போதிய அளவு இருக்க வேண்டும். குதிரை மசாலும் சோயாப் புண்ணாக்கும் இதற்கு நல்லவை. மெதுவாக நடக்கவிடுவதும் சதையைக் காக்கும்.

கோதுமைத் தவிட்டுக் கூழை வாரம் ஒரு நாள் "வயிறு சுத்தமாக" கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதைவிட, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வரும் புதுத் தீவனம் நுண்ணுயிர்களுக்கு அதிர்ச்சி. மலம் இளகினால் சுத்தமானதாக அர்த்தம் இல்லை, குடல் தடுமாறியதாகவும் இருக்கலாம்.

எந்த மாற்றத்தையும் 10 முதல் 14 நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். புதுக் கட்டு உலர்புல் வந்தாலும் இதே விதிதான். பழையது தீரும் முன்பே புதியதை வாங்கிக் கலக்கத் தொடங்குங்கள். தீவனம் மாறியதை அடுத்து வரும் இரண்டு வாரங்களில்தான் வயிற்றுவலிக்கு வாய்ப்பு அதிகம்.

தண்ணீர்

வேலை இல்லாமல் நிற்கும் 500 கிலோ குதிரையே நாளுக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். சரியாக மெல்லாத நார் போதிய நீர் இல்லாமல் பெருங்குடலில் சேர்ந்தால், குடல் திடீரென்று குறுகி வளைகிற இடத்தில் அடைத்துக்கொள்ளும். முதிய குதிரைகளுக்கு வரும் வயிற்றுவலியில் இது சாதாரணமாகப் பார்ப்பது.

குதிரை ஏன் குறைவாகக் குடிக்கிறது என்று யோசியுங்கள். மூட்டுவலி உள்ள குதிரை தூரத்தில் இருக்கும் தொட்டிக்கு நடக்கத் தயங்கும். பல் கூசினால் சில்லென்ற தண்ணீரைத் தவிர்க்கும். வலிமை மிக்க குதிரை தொட்டியை மறித்து நிற்கும். தண்ணீரைப் பக்கத்தில் வைப்பதும், குளிர் நாட்களில் வெதுவெதுப்பாகக் கொடுப்பதும், இரண்டு இடங்களில் தொட்டி வைப்பதும் சின்ன வேலைகள்தான், பலன் பெரிது. நாளுக்கு 25 முதல் 30 கிராம் உப்பைத் தீவனத்தில் கலந்தால் தாகம் எடுக்கும். ஊறவைத்த கூழ் வழியாகவும் நல்ல அளவு தண்ணீர் உள்ளே போகும்.

பின்னால் ஒளிந்திருக்கும் நோய்கள்

தீவனத்தை மாற்றும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு இருக்கிறது, குஷிங் நோய் என்றும் சொல்வார்கள். வெயில் வந்தும் உதிராத நீண்ட சுருள் முடி, வற்றிய முதுகு, தொங்கும் வயிறு, அதிகத் தாகம், அடிக்கடி வரும் தொற்று ஆகியவை அடையாளங்கள். ரத்தத்தில் ஏசிடிஎச் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்து உறுதி செய்வார்கள். பெர்கோலைடு மாத்திரை தினமும் கொடுத்தால் பல குதிரைகள் நன்றாகத் தேறுகின்றன. இந்தக் குதிரைகளில் பலவற்றுக்கு இன்சுலின் கோளாறும் சேர்ந்திருக்கும். அவற்றுக்குச் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கும் உலர்புல் வேண்டும். ஆய்வகத்தில் சோதிக்காமல் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சாதாரணத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி போகும்.

சிறுநீரகம் பழுதான குதிரைக்கு நான் மேலே புகழ்ந்த குதிரை மசாலும் பீட் சக்கையும் ஆகாது. உடலில் மிகும் கால்சியத்தைக் குதிரை சிறுநீர் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. கல்லீரல் பழுதுபட்டிருந்தால் புரதத்தையும் எண்ணெயையும் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு குதிரைக்கு அமிர்தமானது இன்னொன்றுக்கு நஞ்சாகும் இடம் இது. ரத்தப் பரிசோதனையை முதலிலேயே சொன்னதற்கு இதுதான் காரணம்.

குடற்புழு விஷயத்தில் நாள்காட்டி பார்த்து மருந்து கொடுப்பதை விட, லத்தியில் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்துக் கொடுப்பது மேல். மருந்துக்கு அசையாத புழுக்கள் பெருகிவிட்டன. பிட்யூட்டரி கோளாறு உள்ள குதிரைகளில் முட்டை எண்ணிக்கை கூடுதலாக இருக்கக்கூடும். மூட்டுவலிக்கு ஃபீனைல்பியூட்டாசோன் போன்ற வலிநிவாரணி நீண்ட காலம் கொடுத்தால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் வரலாம். பசி குறைந்தால் அந்த மருந்து பற்றி மருத்துவரிடம் பேசுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

கையால் தொட்டுப் பாருங்கள்

தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெலிவு தெரியாது. குளிர்கால முடி அடர்ந்திருந்தால் இன்னும் தெரியாது. விலாவின் மேல் விரல்களை ஓடவிட்டு அழுத்திப் பாருங்கள். எலும்பு தட்டுப்பட வேண்டும், துருத்தி நிற்கக் கூடாது. அமெரிக்க ஆய்வாளர் டான் ஹென்னெக் 1983-ல் வெளியிட்ட, 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரையிலான உடல்நிலை அளவுகோல் உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. முதிய குதிரையை 5-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வயிறு தொங்குவதைப் பார்த்துக் கொழுத்திருப்பதாக எண்ண வேண்டாம், விலாவும் முதுகும்தான் உண்மையைச் சொல்லும்.

எடையை நாடாவாலும் கணக்கிடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவைச் செண்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரையிலான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. துல்லியம் அல்ல, ஆனால் மாதம் ஒரு முறை ஒரே ஆள் அளந்து எழுதிவைத்தால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும்.

லத்தியையும் தினமும் பாருங்கள். நாளுக்கு 8 முதல் 12 முறை, ஈரமும் வடிவமும் உள்ள உருண்டைகள், கீழே விழும்போது உடைபடுபவை. எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலோ, உருண்டை சிறுத்துக் கடினமாகிச் சளி படிந்திருந்தாலோ அடைப்பு தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை நலமாக இருக்கும் நாளிலேயே நாடித்துடிப்பையும் வெப்பத்தையும் எடுத்துக் குறித்துவையுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு, 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வெப்பம் இயல்பு.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய இரண்டு நிலைகள்

முதலாவது, உணவுக்குழாய் அடைப்பு. தின்றுகொண்டிருந்த குதிரை திடீரென்று நிறுத்தி, கழுத்தை நீட்டி, இருமி, இரண்டு மூக்கிலும் தீவனம் கலந்த நுரை வழிய நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அடைத்திருப்பது உணவுக்குழாய், மூச்சுக்குழாய் அல்ல, குதிரையால் மூச்சுவிட முடியும். தீவனத்தையும் தண்ணீரையும் அகற்றுங்கள், தலையைத் தாழ்த்தி அமைதியாக நிற்க விடுங்கள், மருத்துவரை அழையுங்கள். வாயில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கும்.

இரண்டாவது, வயிற்றுவலி. தரையைக் காலால் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் படுத்து எழுவது, உருளுவது, வியர்ப்பது, தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு விலகுவது. முதிய குதிரைகளுக்கே உரிய ஓர் ஆபத்து இதில் உண்டு. வயிற்றுக்குள் காம்போடு தொங்கும் கொழுப்புக் கட்டி சிறுகுடலைச் சுற்றி இறுக்கிவிடும். அதற்கு அறுவை சிகிச்சை ஒன்றே வழி, அதுவும் தாமதிக்காமல். சில முதிய குதிரைகள் வலியை வெளியே காட்டாமல் வெறுமனே மந்தமாக நிற்கும். அதனால் "லேசாத்தான் இருக்கு, காலையில் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். நாடி நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் நிலைமை கடுமை. தீவனத்தை எடுத்துவிடுங்கள், மருத்துவர் சொல்லாமல் வலிநிவாரணி கொடுக்காதீர்கள், அது அடையாளங்களை மறைத்துவிடும். நாடி எவ்வளவு, கடைசியாக எப்போது லத்தி போட்டது, ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது, கடந்த இரண்டு வாரத்தில் தீவனத்தில் எது மாறியது, என்னென்ன மருந்து ஓடுகிறது என்பதை மருத்துவரிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.